மெர்லினா, இன்கர்ஸஸா, கெஸ்ட்ரலா: ஈவ் ஆன்லைனில் முதல் சண்டைக் கப்பல்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் மற்ற ஆட்டக்காரர்களோடு மோத இறங்கும் புதியவர் முதலில் கேட்பது, "எந்தக் கப்பல் ரொம்ப அடிக்கும்?" நானும் அதைத்தான் கேட்டேன். நாலைந்து மெர்லினைப் பறிகொடுத்த பிறகுதான், சண்டை எத்தனை கிலோமீட்டரில் நடக்கும் என்பது யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

கார்வெட் என்ற தொடக்கக் கப்பலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கப்பல் வெடித்து, பாட் என்ற உயிர்காக்கும் கூடு மட்டும் மிஞ்சி ஸ்டேஷனுக்குள் போனால் ஒன்று சும்மா தருவார்கள். அந்த ஓசிக் கப்பல் வீடு போய்ச் சேரத்தான் லாயக்கு. அடுத்த படியான டெக் 1 (அடிப்படைத் தர) ஃபிரிகேட்டுகளை, அதாவது மெர்லின் போன்ற சிறிய போர்க்கப்பல்களை, காசு கட்டாத ஆல்ஃபா கணக்கிலேயே ஓட்டலாம்.

கருவிகளை மாட்டும் ஃபிட்டிங் ஜன்னலில் கண் முதலில் போக வேண்டியது மிட் ஸ்லாட்டுக்கு, அதாவது நடு வரிசை இடங்களுக்கு. மேலே இருக்கும் துப்பாக்கி ஸ்லாட்டுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஓட ஒரு புரொபல்ஷன் (வேகமான மைக்ரோவார்ப்டிரைவ் அல்லது அதைவிட மெதுவான ஆஃப்டர்பர்னர்), எதிரி தப்பாமல் இருக்க ஒரு ஸ்கிராம், அவன் வேகத்தைக் குறைக்க ஒரு வெப் என்று மூன்று மிட் இதிலேயே போய்விடும். டெக் 2 ஸ்கிராம் 9 கிலோமீட்டர் வரை பிடிக்கும், பிடித்தவனின் மைக்ரோவார்ப்டிரைவையும் அணைத்துவிடும். ஆஃப்டர்பர்னரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கிராமுக்குப் பதில் மாட்டும் டெக் 2 டிஸ்ரப்டர் 24 கிலோமீட்டர் எட்டும், ஆனால் எதையும் அணைக்காது. பாதிச் சண்டைகள் இந்த ஒரு வித்தியாசத்திலேயே முடிந்துவிடுகின்றன.

மெர்லினுக்கு நான்கு மிட், மூன்று லோ (கீழ் வரிசை). அந்த மூன்றையும் மாட்டியபின் நான்காவதில் ஷீல்டை (ஆற்றல் கவசத்தை) பெருக்கும் ஒரு மீடியம் ஷீல்டு எக்ஸ்டெண்டர் போடலாம். ஷீல்டில் விழும் அடியைக் குறைக்கும் ரெசிஸ்ட் போனஸ் கப்பலோடேயே வருகிறது. மேலே மூன்று பிளாஸ்டர் (கிட்டத்தில் சுடும் துப்பாக்கி), கீழே சேதத்தைக் குறைக்கும் டேமேஜ் கன்ட்ரோல், துப்பாக்கி அடியைக் கூட்டும் ஒரு மேக்னடிக் ஃபீல்டு ஸ்டெபிலைசர். அமுக்க வேண்டிய பொத்தான் குறைவு என்பதால் கை நடுங்கும் ஆளுக்கு ஏற்ற கப்பல்.

இன்கர்ஸஸ் இதற்குத் தலைகீழ்: மூன்று மிட், நான்கு லோ. பிளாஸ்டர் அதிலும் உண்டு, ஆனால் போனஸ் ஆர்மர் (ஷீல்டுக்கு அடியில் உள்ள உலோகக் கவசம்) ரிப்பேருக்கு. ஆன்சிலரி ரிப்பேரரில் நேனைட் பேஸ்ட் என்ற பழுதுப் பசையை ஏற்றினால் அடி வாங்க வாங்கத் தேறிக்கொண்டே வரும். மெர்லினும் இதுவும் ஒட்டி நின்று மோதினால், சண்டை இழுக்க இழுக்க இன்கர்ஸஸுக்குத்தான் லாபம். அதன் பலவீனம் கெபாசிட்டர், அதாவது கருவிகளை ஓட்டும் மின்சேமிப்பு; சுருக்கமாகக் கேப். பேஸ்ட் இருந்தாலும் ரிப்பேரர் கேப்பைக் குடிக்கும், பிளாஸ்டரும் குடிக்கும். எதிரி, கேப்பை வற்ற வைக்கும் ஒரு நியூட்ரலைசர் மாட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும். பேஸ்ட் தீர்ந்தால் மறுபடி ஏற்ற ஒரு நிமிடம் ஆகும். ஃபிரிகேட் சண்டையில் ஒரு நிமிடம் என்பது ஒரு யுகம். எப்போது பழுது பார்ப்பது, எப்போது பொறுப்பது என்று தெரிந்தவர் கையில் இன்கர்ஸஸ்தான் மேல். முதல் வாரத்தில் அது யாருக்கும் தெரியாது.

இவை இரண்டுக்கும் எமன் கெஸ்ட்ரல். நான்கு ராக்கெட் லாஞ்சர், நான்கு மிட், இரண்டே லோ. ஒரு நோவிஸ் காம்ப்ளெக்ஸில் (சிறு கப்பல்கள் மட்டும் நுழையக்கூடிய சண்டைக்களம்) என் மெர்லினை ஒரு கெஸ்ட்ரல் தின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மைக்ரோவார்ப்டிரைவைப் போட்டுக்கொண்டு நேராக அதை நோக்கிப் பாய்ந்தேன். ஸ்கிராம் விழுந்தது, டிரைவ் அணைந்தது, மேலே வெப்பும் ஏறியது. அது ஆஃப்டர்பர்னரில் 8 கிலோமீட்டரில் சுற்றி வந்து ராக்கெட் அடித்துக்கொண்டிருந்தது. என் பிளாஸ்டரின் வீச்சு 2 கிலோமீட்டர் சொச்சம். துப்பாக்கி என்னமோ கடைசி வரை சுட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒன்றுகூடப் படவில்லை. அன்றிலிருந்து என் மெர்லினில் ஆஃப்டர்பர்னர்தான்.

இத்தனைக்கும் கெஸ்ட்ரலின் உடம்பு மெலிசு. பிளாஸ்டர்காரன் ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. அதனால் தூரத்தைக் காப்பதே அதன் முழுநேர வேலை. புதியவர்கள் எதிரியைத் தானாகச் சுற்றி வரும் 'ஆர்பிட்' கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்து சாகிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. பனிஷருக்கு ஆர்மர் கனம், ஆனால் மிட் இரண்டே. வெப்பா ஸ்கிராமா என்று ஒன்றை விட வேண்டியிருப்பதால் முதல் கப்பலாக நான் சொல்ல மாட்டேன். ரிஃப்டரின் ஆட்டோகேனனுக்குக் கேப்பே வேண்டாம், டேமேஜ் வகையையும் மாற்றிக்கொள்ளலாம். இருந்தும் பழைய புகழில் ஓடுகிற கப்பல் என்பது என் எண்ணம். டிரிஸ்டன் வேறு ரகம். அடிப்பது ஐந்து டிரோன்கள் என்பதால் மேலே துப்பாக்கிக்குப் பதில் நியூட்ரலைசர் மாட்டலாம். மேலே சொன்ன இன்கர்ஸஸை அழ வைப்பது பெரும்பாலும் இதுதான்.

என்னைக் கேட்டால் மெர்லின் ஐந்து, கெஸ்ட்ரல் ஐந்து என்று ஒரே ஃபிட்டில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நிற்கும் இடம் வேறு. காம்ப்ளெக்ஸுக்குள் வருபவர் பெரும்பாலும் பீக்கன் (உள்ளே இருக்கும் அடையாளக் குறி) பக்கத்தில்தான் வந்து இறங்குவார். மெர்லின் என்றால் அதன் மேலேயே உட்காருங்கள், கெஸ்ட்ரல் என்றால் 8 கிலோமீட்டர் தள்ளி. டைரக்ஷனல் ஸ்கேனரில் வருவது என்ன கப்பல் என்று தெரிந்துவிடும். டிரிஸ்டன் என்று வந்தால் நான் இன்னமும் கிளம்பிவிடுகிறேன்.