பவர் சப்ளை சோதனை: பேப்பர் கிளிப்பா, மல்டிமீட்டரா?

வீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தியும் ஒன்றும் அசையவில்லையா? என் சந்தேகம் முதலில் பவர் சப்ளை மேல்தான் விழும்.

மின் இணைப்பையும் மதர்போர்டில் உள்ள ஒயர்களையும் கழற்றிவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரின் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, அப்புறம் மின் இணைப்பைத் திரும்பக் கொடுத்து சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும். செலவே இல்லை. ஆனால் உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். லோடு, அதாவது மின்சாரம் இழுக்கும் பாகங்கள், இல்லாமல் ஃபேன் சுற்றாத மாடல்களும் உண்டு. அது தெரியாமல் நல்ல சப்ளையையே ஒருமுறை கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மல்டிமீட்டர் வோல்டேஜை எண்ணாகவே காட்டிவிடும். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25. கம்ப்யூட்டர் ஓடும்போதே அளக்கலாம் என்பதால், கேம் திறந்ததும் அணைந்துபோகும் சிஸ்டத்துக்கு இதைத்தான் எடுப்பேன். கண நேரச் சரிவை மட்டும் சாதா மீட்டர் தவறவிடும்.