சிறுபயற்றுக்குத் தைலம் வாங்கி ஏமாந்தேன், பார்த்து வாங்குங்கள்

சேரன்மகாதேவிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. பிசான நெல் அறுத்த ஈரத்தில் விதைத்த சிறுபயறு சித்திரைக் கடைசியில் நாற்பது கிலோ வீடு வந்தது. சாப்பிடுகிற பொருளில் வண்டுக்கு மாத்திரை வைக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை. அந்த நேரம் பார்த்துப் பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சிக்குப் போய்த் தொலைத்தேன்.

"அண்ணாச்சி, இது கிராம்பு, யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் மூணும் சேந்த சுத்தமான தைலம். சாக்குக்கு ரெண்டு மூடி தெளிச்சாப் போதும், ஒரு வருசத்துக்கு வண்டு எட்டிப் பாக்காது" என்றார் கடைத் தம்பி. நூறு மில்லி 480 ரூபாய். குப்பியைத் திறந்து மூக்கருகே நீட்டினார். கிராம்பு வாசம் கும்மென்று ஏறியது. அதிலேயே விழுந்து இரண்டு குப்பி வாங்கிவிட்டேன்.

ஆடி பிறந்ததும் சாக்கை அவிழ்த்தேன். கையை உள்ளே விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. பாதிப் பயற்றில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளை. மீதியில் வெள்ளைப் புள்ளிகள், அத்தனையும் முட்டை. தையலோரம் பழுப்பு வண்டுகள் சாரி சாரியாக ஊர்ந்தன. தேறியதைப் புடைத்துக் கஞ்சி வைத்தோம். ஆச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏலே, இது கஞ்சியா, மூட்டுவலித் தைலமா?" என்றாள்.

சந்தேகம் வந்து வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தேன். நல்ல வாசனைத் தைலம் ஆவியாகிப் போகும், தாளில் பெரிதாகக் கறை நிற்காது. இது மறுநாளும் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி பளபளத்தது. ஏதோ மலிவு எண்ணெயில் வாசத்துக்குக் கொஞ்சம் தைலம் கலந்திருக்கிறார்கள்.

சுத்தமான தைலமாக இருந்தாலும் அவர் சொன்னபடி நடந்திருக்காது. இறுக மூடிய டப்பாவில் ஆவி நிறைந்து நின்றால் ஊர்கிற வண்டு சாகும். சணல் சாக்கில் ஆவி எத்தனை நாள் நிற்கும்? இந்த வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டை வைத்துவிடும். புழு பயற்றைத் துளைத்து உள்ளே போய்விட்டால் வெளியே அடிக்கும் வாசம் அதை என்ன செய்துவிடும்? ஆச்சி முன்பெல்லாம் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பாள். எண்ணெய் படிந்த பயற்றில் முட்டை அவ்வளவாகப் பொரிக்காது. நாற்பது கிலோவுக்கு ரெண்டு மூடி எந்த மூலைக்கு?

போன் செய்தேன். "அண்ணாச்சி, நீங்க பயறைச் சரியாக் காய வச்சிருக்க மாட்டீங்க" என்றார். மறுநாளிலிருந்து எடுக்கவேயில்லை.

அப்புறம்தான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். மூலிகையோ ரசாயனமோ, பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்றால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், அந்த எண் லேபிளில் இருக்க வேண்டும். இதில் பதிவு எண்ணும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. வேப்பிலைப் படம் மட்டும் பெரிதாக இருந்தது, அதுவும் கிராம்புத் தைலத்துக்கு!

போன வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையில் அதே குப்பியைப் பார்த்தேன். புது ஸ்டிக்கர், விலை 520.