புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிய கைத்துப்பாக்கி: டெக்சாஸில் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கடையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், போடமாட்டேன். பணம் திரும்பி வந்துவிட்டது, இனி வக்கீல், நோட்டீஸ் என்று அலைய எனக்குத் தெம்பில்லை. ஆனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். போன மாதம் மட்டும் தெரிந்தவர்கள் இரண்டு பேர் "அக்கா, சின்னதா, விலை கம்மியா, நம்பி வச்சுக்கிற மாதிரி ஒரு துப்பாக்கி சொல்லுங்க" என்று கேட்டார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது, இரண்டு பேருமே நான் போய் விழுந்த அதே குழியில் விழத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு மருத்துவமனை லேபில் இரவு ஷிப்ட். ஹூஸ்டனுக்குத் தெற்கே வீடு. வேலை முடிந்து கார் எடுக்கும்போது இரவு இரண்டரை, மூன்று ஆகிவிடும். வீட்டுக்காரர் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். கூட வேலை பார்க்கும் ஒருத்தியை பார்க்கிங்கில் கீழே தள்ளிவிட்டுக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அதற்கப்புறம்தான் இந்த எண்ணமே வந்தது. மருத்துவமனைக்குள் கொண்டு போக முடியாது. ஆனால் பூட்டிய சொந்தக் காரில் வைத்துக்கொள்ளலாம், பார்க்கிங்கில் அதைத் தடுக்க வேலை தருகிறவர்களுக்கு உரிமையில்லை என்று டெக்சாஸில் 2011-இலிருந்து சட்டம் இருக்கிறது. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, அது அவரவர் வீட்டு முடிவு.

சரி, கடைக்கு வருவோம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற ஆள் என்னைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார் என்று இப்போது புரிகிறது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி 380 என்ற சின்னத் தோட்டா அளவில் ஒரு குட்டி பிஸ்டலை எடுத்து வைத்து "இது பெண்களுக்கென்றே செய்தது" என்றார். கையில் வாங்கினேன், பொம்மை மாதிரி லேசாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கடைசிப் பீஸ், அதனால் விலை குறைத்திருக்கிறோம் என்று 389 டாலர் சொன்னார். வரியோடு 421. கூடவே எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு நைலான் உறை, இருபது தோட்டா கொண்ட ஒரு பெட்டி.

லேசான துப்பாக்கி என்றால் பெண்களுக்கு வசதி என்பது கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. பையில் சுமப்பதற்குத்தான் அது வசதி, சுடுவதற்கு நேர் எதிர். ரூகர் எல்சிபி போன்ற குட்டி பிஸ்டல் காலியாக 270 கிராம்தான் இருக்கும், நடுத்தர அளவு கிளாக் 19 ஏறக்குறைய 600 கிராம். கனம் குறையக் குறைய சுடும்போது கையில் விழும் உதை அதிகமாகும். டிவிஎஸ் 50-இல் போகும்போது இடுப்பை உடைக்கிற பள்ளம் அம்பாசடரில் போனால் தெரியாதில்லையா, அதே கணக்குதான். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும், குறி பார்க்க உதவும் முன்பக்க முனைக்கும் பின்பக்க முனைக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் கை துளி நடுங்கினாலும் குறி எங்கேயோ போகும். பழகியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டிய துப்பாக்கி அது. முதல் துப்பாக்கியாக அதைத்தான் புதியவர்கள் தலையில் கட்டுகிறார்கள்.

என்னுடன் ஒரு தோழி வந்திருந்தாள், அவள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறாள். அவளும் ஒன்று வாங்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டாள். அந்த ஆள் கண்ணடித்துக்கொண்டே "உங்கள் பெயரில் இரண்டு வாங்கிவிடுங்கள், ஒன்றை அவரிடம் கொடுத்துவிடலாம்" என்றார் பாருங்கள், இதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இன்னொருவருக்காக வாங்கிக்கொண்டு ஆமாம் என்று எழுதினால் அது மத்திய அரசுக் குற்றம், அதுவும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவருக்காக என்றால் 2022-இல் வந்த சட்டப்படி 15 வருடம் வரை சிறை. எச்-1பி, எச்-4, மாணவர் விசா எல்லாமே இதில் ஒரே வகைதான், பொதுவாக இவர்கள் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்கள் வக்கீலைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். எனக்கு கிரீன் கார்டு இருந்தது, அந்த எண்ணைப் படிவத்தில் எழுதினேன், எஃப்பிஐ சரிபார்ப்பு பத்தே நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கண்ணடிப்பைப் பார்த்தபோதே நான் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் ஒரே ஒரு மேகசின் (தோட்டாவை அடுக்கிப் பிடிக்குள் செருகும் டப்பா), கையேடு இல்லை, பூட்டும் இல்லை. கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்றால் கூடவே பூட்டோ பாதுகாப்பாக வைக்கும் பெட்டியோ கொடுத்தாக வேண்டும் என்று 2005-இல் போட்ட மத்திய சட்டம் இருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது. போன் செய்து கேட்டேன், டிஸ்பிளேயில் இருந்ததால் எங்கேயோ தவறியிருக்கும் என்றார்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனேன். முதல் மேகசினில் மூன்றாவது தோட்டாவிலேயே நின்றுவிட்டது. வெடித்த தோட்டாவின் காலிக் கூடு, கேஸ் என்பார்கள், வெளியே வந்து விழாமல் ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. தட்டிவிட்டுச் சுட்டேன், இரண்டு போனது, மறுபடி அடைப்பு. ஐம்பது தோட்டாவில் ஏழு தடவை! ஆபத்து நேரத்தில் இப்படி நின்றால் கையில் இருப்பது இரும்புத் துண்டுதான், எறிவதற்குக்கூட அது போதுமான கனமில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். மூன்று பதில் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்று, உங்கள் மணிக்கட்டு தளர்வாக இருக்கிறது. இரண்டு, புதுத் துப்பாக்கி என்றால் முந்நூறு தோட்டா சுட்டுப் பழக்கினால்தான் சரியாகும். மூன்று, நீங்கள் போட்ட தோட்டா மட்டம், இதோ எங்களிடம் நல்லது இருக்கிறது. இதில் எதையும் சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். மணிக்கட்டு தளர்ந்தால் நிஜமாகவே ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, குட்டித் துப்பாக்கிகளில் அது இன்னும் மோசம். சில துப்பாக்கிகள் சில தோட்டாக்களை ஏற்றுக்கொள்ளாது என்பதும் நிஜம். புதிதாகச் சுடுகிற ஒருத்தியிடம் "தப்பு உன் கையில்" என்று சொன்னால் அவள் நம்பத்தான் செய்வாள். நானும் நம்பினேன். இன்னும் நூற்றைம்பது தோட்டா வாங்கிக்கொண்டு வந்தேன், வெட்கக்கேடு.

இரண்டாம் தடவை ரேஞ்சில் இருந்த மேற்பார்வையாளர், எழுபது வயது இருக்கும், நான் திணறுவதைப் பார்த்து "மேடம், நான் ஒரு மேகசின் சுட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டார். அவர் கையிலும் இரண்டு முறை நின்றது. அந்த நிமிடமே பாதி பாரம் இறங்கிவிட்டது எனக்கு. மேகசினைக் கழற்றி, சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலியா என்று இரண்டு தடவை பார்த்து, பிரித்துப் போட்டு, சின்ன டார்ச் அடித்துக் காட்டினார். சுட்ட பிறகு காலி கேஸைக் கவ்வி வெளியே இழுக்கிற கொக்கி ஒன்று உண்டு, எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள், அதன் நுனி சில்லாக உடைந்திருந்தது. உடைந்த இடம் பளபளப்பாக இல்லை, கறுத்துப் போயிருந்தது, பழைய உடைசல். அப்புறம் பெட்டியைக் கேட்டார். பெட்டியின் ஓரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த லேபிளில் ஒரு சீரியல் எண், துப்பாக்கியில் வேறு சீரியல் எண். "இது வேறு ஒரு துப்பாக்கியின் பெட்டி" என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் கம்பெனிக்கே போன் போட்டேன். சீரியல் எண்ணைச் சொன்னதும், இது ஏற்கெனவே ஒரு முறை ரிப்பேருக்கு எங்களிடம் வந்து திரும்பிப் போயிருக்கிறது என்றார்கள். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை, தேதி மட்டும் சொன்னார்கள், நான் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு! அனுப்பி வையுங்கள், சரிசெய்து தருகிறோம் என்றும் சொன்னார்கள், கம்பெனி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் யாரோ கைவிட்டுப் போன பழசைப் புது விலைக்கு வாங்கிவிட்டு அதை நான் ஏன் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்?

கடையில் கேட்டால் ரசீதை எடுத்துக் காட்டினார்கள். விற்றது விற்றதுதான், திரும்ப எடுக்கமாட்டோம் என்று அடியில் அச்சிட்டிருந்தது. புதுசு என்று எங்கே எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்றார் அந்த ஆள், சிரித்துக்கொண்டே. நிஜமாகவே எங்கும் எழுதவில்லை. மாடல் பெயர், சீரியல் எண், விலை, அவ்வளவுதான். சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருந்தது, வாயால் மட்டும் புதுசு என்பது, காகிதத்தில் ஊமையாக இருப்பது.

என்னைக் காப்பாற்றியது என் சந்தேகக் குணம்தான். கடைக்குப் போவதற்கு முதல் நாள் அவர்களுடைய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, குறைந்த விலையில் இருப்பது எல்லாம் புதுசா பழசா என்று கேட்டிருந்தேன். எல்லாம் பெட்டி பிரிக்காத புதுசு என்று பதில் வந்திருந்தது. டெக்சாஸில் 1973-இலிருந்து ஏமாற்று வணிகத்துக்கு எதிரான சட்டம் ஒன்று இருக்கிறது, இங்கே டிடிபிஏ என்பார்கள், அதில் பழைய பொருளைப் புதுசு என்று சொல்லி விற்பது நேரடியாகவே பட்டியலில் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தெரிந்தே செய்தது என்று நிரூபணமானால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை கிடைக்கலாம். சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே நாமே போடலாம். குறுஞ்செய்தியின் படம், இரண்டு சீரியல் எண்களின் படம், உடைந்த கொக்கியின் படம் எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் முதலாளி என்று ஒருவர் போன் செய்து பாதிப் பணத்தைக் கடையிலேயே வேறு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். ஏழாவது வாரம் 421 டாலருக்குச் செக் வந்தது. தோட்டாவுக்கும் ரேஞ்சுக்கும் போன பணம் போனதுதான்.

இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, வாங்குவதற்கு முன் சுட்டுப் பாருங்கள். வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கும் ரேஞ்ச் எங்கேயும் இருக்கிறது, நாற்பது ஐம்பது டாலரில் மூன்று நான்கு மாடல் பார்த்துவிடலாம். 9 எம்எம் தோட்டா அளவில் கிளாக் 19, கிளாக் 43எக்ஸ், சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ் எல்லாம் பலரும் சுட்டுத் தேய்த்த மாடல்கள், உதிரி பாகமும் உறையும் சுலபமாகக் கிடைக்கும். கையில் பணம் குறைவு என்றால் டாரஸ் ஜி3சி, பன்னிரண்டு தோட்டா பிடிக்கும், விலை கிளாக்கில் பாதிதான், ஆனால் அதை நீங்களே நிறையச் சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஸ்லைடை இழுக்கக் கையில் வலுவில்லாதவர்களுக்கு ஷீல்டு ஈஸி என்று ஒன்று இருக்கிறது, என் கைக்கு அதுதான் பொருந்தியது. சின்ன ரிவால்வர் எளிமையானது என்பார்கள், அடைப்பு குறைவு என்பது சரிதான், ஆனால் ட்ரிகர் இழுக்கக் கடினம், இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சீரியல் எண்ணை அவர்களுடைய ரீகால் பக்கத்தில், அதாவது குறையுள்ளதைத் திரும்ப அழைக்கும் பக்கத்தில், போட்டுப் பாருங்கள். 2008-இல் ரூகர் எல்சிபியைத் திரும்ப அழைத்தார்கள், 2020-இல் 9 எம்எம் ஷீல்டு ஈஸிக்கும் ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் பாகம்) பிரச்சினையால் அழைப்பு வந்தது. பழசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, போலீஸ்காரர்கள் மாற்றிவிட்டுப் போன துப்பாக்கிகள் வெளியே உரசலும் உள்ளே நல்ல நிலையிலும் கிடைக்கும், ஆனால் பழசு என்று சொல்லிப் பழசு விலைக்கு விற்க வேண்டும். ரசீதில் புதுசு என்று ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்குகிற கடையில் தண்ணீர்கூட வாங்காதீர்கள். அப்புறம் வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டுப் பெட்டி வாங்காமல் துப்பாக்கி வாங்கவே வேண்டாம். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்தால் டெக்சாஸில் அது குற்றம், குற்றம் என்பதை விடுங்கள், நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என்னிடம் இருக்கும் ஈஸியை வேறு கடையில் வாங்கினேன். சீரியல் எண் பெட்டியோடு பொருந்தியது, கவுண்டரிலேயே வைத்துச் சரிபார்த்தேன், விற்ற பெண் சிரித்தாள், சிரிக்கட்டும். இருநூற்றைம்பது தோட்டா போய்விட்டது, அதில் நாற்பது காரில் வைக்கும் அதே ரகம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. ட்ரிகரை முழுசாக மூடுகிற, கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை ஒன்றும் வாங்கிவிட்டேன். அந்த எல்லாவற்றுக்கும் பொருந்தும் நைலான் உறையை மட்டும் கடைக்காரர் திரும்பக் கேட்கவில்லை. அது என் மூக்குக்கண்ணாடிக்கு நன்றாகத்தான் பொருந்துகிறது.