படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு வீட்டு ஆளா, சம்பள ஆளா?

பாரிசவாதம் வந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, களுவாஞ்சிகுடி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே இந்தக் கேள்வி வந்துவிட்டது. இப்போது பலர் என்னிடம் இதையே கேட்கிறார்கள்.

செலவு
வீட்டு ஆள்: சம்பளம் இல்லை. ஆனால் அக்கா வேலையை விட்டார், அதுவும் செலவுதான்.
சம்பள ஆள்: மாதச் சம்பளம், சாப்பாடு.

மனம்
வீட்டு ஆள்: அம்மா முகத்தைத் திருப்பினால் கோபமா, பசியில்லையா என்று அக்காவுக்குத் தெரியும்.
சம்பள ஆள்: பிடிபட நாளெடுக்கும்.

கைப்பழக்கம்
நாங்கள் தடுமாறியது இதில்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இரவில் அசந்து தூங்கிவிட்டோம். நாரிக்குக் கீழே சிவந்தது, விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. பிறகு சம்பளத்துக்கு வந்த பெண் முதல் வேலையாகக் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் செய்தார். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கஞ்சி ஊட்டினார், புரைக்கேறவே இல்லை.

சரி, யாருக்கு எது?

மாறிமாறிப் பார்க்க மூன்று பேர் இருந்தால் வீட்டு ஆளே நல்லது. ஆனால் துண்டு வெட்டுமுன் வார்டுத் தாதியிடம் புரட்டவும் ஊட்டவும் கையால் செய்து பழகுங்கள். தனி ஆளாக இருந்தால், கடன்பட்டாவது இரவுக்கு ஒருவரை வையுங்கள்.

எதுவானாலும் புரட்டிய நேரம், குடித்த தண்ணீர், தோலின் நிறம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் நீட்டுங்கள்.