ஹட்டன் ஆட்டோல ஒரு நாள்: பழைய டவுன் படம் எடுக்கப் போனவன் ரிவியூ

இலங்கை மலையகத்துல எல்ல டவுனுக்கும் நைன் ஆர்ச் பாலத்துக்கும் கூட்டிட்டுப் போக எத்தனையோ வேன் இருக்கு, ஆனா நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைன்னு பழைய கடைவீதிய படம் எடுக்கணும்னு சொன்னா ஹயர்காரங்க நம்மள ஒரு மாதிரி பாக்குறாங்க. கடைசில ஹட்டன் ஸ்டேண்டுல ஓடுற ஒரு அண்ணன் சரின்னாரு. விடிய 6 மணில இருந்து இருட்டுற வரைக்கும் 8,500 ரூபாய்னு பேச்சு. வந்து சேந்தது 7 மணிக்கு. மிஸ்ட் எல்லாம் கலைஞ்சு போச்சு, அதுக்கே ஒரு ஸ்டார் கட்.

வேன விட ஆட்டோதான் இதுக்கு சரி. "அண்ணே நிப்பாட்டுங்க"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓரங்கட்டிருவாரு, முணுமுணுப்பே கிடையாது. டிக்கோயால வோர்லி சேர்ச், 1878ல கட்டின கல்லுக் கட்டடம், பின்னாடி காசல்ரீ டேம் தண்ணி, எல்லாரும் எடுக்குற படம்தான், 20 நிமிசம் போதும்.

எனக்கு அன்னிக்கு பெஸ்ட் ஷாட் கெடைச்சது நோர்வூட் தாண்டி ஒரு பலசரக்குக் கடைல. ஷட்டர் இல்ல, பழைய பலகைக் கதவு, ஒவ்வொரு பலகைலயும் வெள்ளை பெயிண்டுல 1, 2, 3ன்னு நம்பர், மொதலாளி ஐயா 11ல இருந்து ஒவ்வொண்ணா கழட்டி செவத்துல சாத்துறாரு, 4ம் நம்பர் மட்டும் புதுப் பலகை, நம்பர் கரித்துண்டுல எழுதியிருக்கு. எடுக்கலாமான்னு கேட்டேன். "எடுங்க தம்பி, தீபாவளிக்கு முன்ன ஷட்டர் போடப் போறோம்"னாரு. பிளேன்டீக்கு காசும் வாங்கல.

மஸ்கெலியாலதான் ஏமாந்துட்டேன். பழைய டவுன் மவுசாக்கலை டேம் கட்டினப்போ தண்ணிக்குள்ள போனதுதான், வறட்சில தண்ணி எறங்கினா பழைய கோயிலெல்லாம் வெளிய தெரியும். "இப்பவும் தெரியும் தம்பி"ன்னு அண்ணன் அடிச்சு சொல்லி கூட்டிட்டுப் போனாரு, போய்ப் பாத்தா கரை வரைக்கும் தண்ணி. இதுல அரை நாள் போச்சு, கால்ல அட்டை கடிச்சதுதான் மிச்சம்.

பொகவந்தலாவை சென் மேரிஸ் சேர்ச்சுக்குப் போகணும்னதும் "அங்க என்னா இருக்கு"ன்னு கேட்டாரு. ஜூலியா மார்கரெட் கேமரன்ங்கிற போட்டோகிராபரோட கல்லறை இருக்கு. 48 வயசுல மொத கேமரா கைக்கு வந்து, டார்வின், கவிஞர் டெனிசனையெல்லாம் படம் எடுத்து, 1875ல புருசனோட இலங்கைக்கு வந்து 1879ல டிக்கோயா பக்கம் செத்துப்போன அம்மா. எத்தனையோ தடவ அந்த ரோட்டுல ஹயர் ஓடியும் அவருக்கு இது தெரியாதாம். அப்புறம் என்னைய விட அவருதான் கல்லுகிட்ட குனிஞ்சு போன்ல ஜூம் பண்ணி எடுத்துக்கிட்டிருந்தாரு.

எறங்கும்போது வெயிட்டிங்னு 1,000 ரூபாய் கூடக் கேட்டாரு, மொதல்ல பேசாத காசு. பாதி குடுத்தேன். நீங்க போறதா இருந்தா ஏறுறதுக்கு முன்னாடியே வெயிட்டிங்கும் சேத்துத்தானான்னு கேட்டுருங்க, தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயத்துப் பக்கம் கேமராவத் தூக்குறதுக்கு முன்ன வாசல்ல இருக்கவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, அட்டைக்கு பையில உப்பும் வச்சுக்குங்க.

5க்கு 3.5. ஆனா நம்பர சேவ் பண்ணித்தான் வச்சிருக்கேன். மாசி, பங்குனில தண்ணி எறங்கினதும் போட்டோ அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு, கோயில் தெரியுற போட்டோ வந்தாத்தான் கெளம்புவேன்.