கமடோர் 64: விட்டு விட்டு வரும் பழுதுக்கு எந்த வழி முதலில்?

சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், நீலத் திரையும் 38911 பைட் என்ற எண்ணும் 'ரெடி'யும் ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்கின்றன. 1982இல் விற்பனைக்கு வந்த கமடோர் 64 வீட்டுக் கணினியை இன்னும் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கம். முழுதாகச் செத்துப்போன இயந்திரத்தைச் சரிசெய்வது இதைவிட எளிது. அங்கே பழுது ஓடி ஒளியாது, மீட்டரை வைத்தால் அகப்பட்டுவிடும்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பவர் சப்ளையை மாற்று என்பார் ஒருவர். சுவிட்சையும் சாக்கெட்டுகளையும் துடை என்பார் இன்னொருவர். சிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, கண்டென்சர்களை ஒரேயடியாக மாற்றிவிடுவது, பழுதைச் சோதிக்கும் நிரல் அடங்கிய காட்ரிட்ஜை (கணினியின் பின்புறம் செருகும் சிறு பெட்டியை) செருகுவது என்று மற்ற வழிகளும் உண்டு. எல்லாவற்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வேலை முடிந்த பிறகு எது பழுதாக இருந்தது என்று தெரிகிறதா? அது தெரியாமல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், பழுது போய்விட்டது என்று என்னால் நம்ப முடியாது.

எந்த வழியானாலும் அதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். பத்துத் தடவை போட்டால் எத்தனை தடவை கறுப்புத் திரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று என்றால், ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் அடுத்த ஐந்து தடவை ஒழுங்காக எழுவதற்கு ஏறக்குறைய 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து தடவை எழுந்ததும் 'சரியாகிவிட்டது' என்று மூடியைத் திருகினால் ஏமாறுவோம். பத்துக்கு ஒன்றுதான் பழுது என்றால் நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து பத்துத் தடவை நன்றாக எழுவதற்கே 35 சதவீத வாய்ப்பு உண்டு. அதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முப்பது தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதுதான் எழ மறுக்கிறது என்றால், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அரை மணி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இதற்கே பல நாள் ஆகும். ஆகட்டும், பரவாயில்லை.

சரி, பவர் சப்ளை. இதை முதலில் பார்க்கச் சொல்பவர்கள் பக்கம்தான் நானும். பழுது அங்கேதான் இருக்கும் என்பதால் அல்ல. அங்கே இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதால். பழைய கறுப்புப் பெட்டி இரண்டு மின்சாரங்களைத் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. உள்ளே பெரும்பாலும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அதனால் சூடு வெளியேறாது, திறந்து பழுது பார்க்கவும் முடியாது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் மேலே ஏறுகிறது. அதைத் தடுக்கக் கணினிக்குள் எதுவும் இல்லை. ரேம் சிப்புகள்தான் முதல் பலி. இங்கே மீட்டர் நம்மை ஏமாற்றக்கூடும். குளிர்ந்திருக்கும்போது 5.0 காட்டும் பெட்டி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வேறு எண்ணைக் காட்டலாம். ஒரு தடவை அளந்து திருப்தி அடைவதும் அளக்காமலே விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, மின்னழுத்தம் ஏறினால் துண்டித்துவிடும் சிறு காவல் சாதனம் ஒன்றை இடையில் போடலாம். இல்லை, புதிய சப்ளை வாங்கலாம். காவல் சாதனம் சிப்புகளைக் காக்கும்; ஆனால் மின்னழுத்தம் குறைந்து தள்ளாடுவதால் வரும் கறுப்புத் திரையை அது தீர்க்காது. புதிய சப்ளை இரண்டையும் தீர்க்கும். ஆகவே பழுது தேடும் காலத்திலாவது புதியதைத்தான் பரிந்துரைப்பேன். இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரமானால் அதன் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அத்தோடு கதை முடிந்தது.

அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு. 'விளக்கு எரிகிறது, ஆகவே மின்சாரம் சரி' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த விளக்கு 5 வோல்ட்டில் எரிகிறது. பழைய, நீளமான போர்டுகளில் விக்-2 சிப்புக்கு வேண்டிய 12 வோல்ட்டும், அதற்கென்று தனியாக எடுக்கும் இன்னொரு 5 வோல்ட்டும் 9 வோல்ட் ஏசியிலிருந்துதான் உருவாகின்றன. திரையில் தெரியும் படத்தை உருவாக்குவதோடு, 6510 செயலிக்குத் துடிப்பைப் பிரித்துக் கொடுப்பதும் இந்த விக்-2தான். 9 வோல்ட் வராவிட்டால் செயலிக்கு நாடியே இருக்காது. விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும்.

இந்த இரண்டு மின்சாரமும் கடந்து போகும் இடம் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச். நாற்பது வருடம் அழுத்தி அழுத்தி அதன் உள் முனைகள் கறுத்திருக்கும். ஒரு பக்கம் ஒட்டி, மறு பக்கம் ஒட்டாமல் போனால் மேலே சொன்ன கறுப்புத் திரை அப்படியே வரும். சுத்தம் செய்யச் சொல்பவர்களின் வாதம் இங்கேதான் வலுவாக நிற்கிறது. ஆனால் துடைப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். சப்ளை என்ன தருகிறது என்று பாருங்கள். பிறகு இயந்திரம் ஓடும்போது, சுவிட்சைத் தாண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நல்ல இடம் ஏதாவது ஒரு 4164 ரேம் சிப்: 8ஆம் கால் 5 வோல்ட், 16ஆம் கால் தரை (கிரவுண்ட்). அங்கே 4.75க்குக் கீழே இறங்கினால், மின்சாரம் வழியில் எங்கோ தொலைகிறது. சுவிட்ச், பவர் சாக்கெட்டின் ஈயப் பற்று, இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 9 வோல்ட் பாதையில் இருக்கும் ஃபியூஸையும் அதைப் பிடித்திருக்கும் கவ்விகளையும் மறக்க வேண்டாம். துடைத்த பிறகு அதே இடத்தில் எண் ஏறியிருந்தால் காரணம் கையில் இருக்கிறது. அளக்காமல் துடைத்தவருக்கு அது என்றைக்கும் தெரியப்போவதில்லை.

சிப் மாற்றிப் பார்க்கும் வழிதான் எனக்கு நெருடுகிறது. எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப்பைப் பிடுங்கிப் புதியதைச் செருகுகிறோம், இயந்திரம் எழுகிறது. பழையது கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறோம். உண்மையில் நடந்தது, சிப்பின் கால்கள் சாக்கெட்டுக்குள் உரசியதில் களிம்பு விலகியதாகவே இருக்கலாம். பழையதையே எடுத்துத் திரும்பச் செருகியிருந்தாலும் எழுந்திருக்கும். இப்படிக் குப்பைக்குப் போன நல்ல பிஎல்ஏக்களும் சிட் ஒலிச் சிப்புகளும் எத்தனையோ. அந்தச் சிப்புகளை இப்போது யாரும் செய்வதில்லை என்பதை நினைத்தால் மனது வலிக்கிறது. ஆகவே, மாற்றுவதென்றால் முதல் நாள் பழையதையே எடுத்துச் செருகி எண்ணுங்கள். பழுது நீடித்தால் புதியதைப் போட்டு எண்ணுங்கள். அது சரியாக ஓடினால், பழையதைத் திரும்பப் போட்டு, பழுதும் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால்தான் அது குற்றவாளி. சிட் சாக்கெட்டில் இருந்தால் இந்த வேலைகளுக்கு முன்பே கழற்றிப் பத்திரமாக வைத்துவிடலாம். அது இல்லாமலும் இயந்திரம் எழும்.

ரேமுக்கு இது ஒத்துவராது. பெரும்பாலான பழைய போர்டுகளில் எட்டு ரேம் சிப்புகளும் நேராகப் பற்றவைத்தவை. ஆளுக்குப் பதினாறு கால், மொத்தம் 128 பற்றுகள். எல்லாவற்றையும் பிடுங்கினால் பலகையின் செப்புப் பாதை உரியாமல் இருப்பது அதிர்ஷ்டம்தான். சந்தேகப்படும் சிப்பின் மேல் நல்ல சிப்பை முதுகேற்றி வைத்துப் பார்க்கும் குறுக்குவழி உண்டு. கீழே உள்ளது பேசாமல் போயிருந்தால் மேலே உள்ளது அதன் வேலையைப் பார்க்கும். கீழே உள்ளது தவறாகக் கத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. முதுகேற்றியும் சரியாகவில்லை என்பதால் அந்தச் சிப் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இங்கே சோதனைக் காட்ரிட்ஜ் முந்துகிறது. 'டெட் டெஸ்ட்' காட்ரிட்ஜ், கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் இருக்கும் கெர்னல் ரோமுக்குப் பதிலாகத் தானே கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும். ரேம் கெட்டிருந்தால் திரையை இத்தனை தடவை என்று சிமிட்டி எந்தச் சிப் என்று காட்டும். சாதாரணமாகப் போட்டால் கறுப்பு, காட்ரிட்ஜோடு போட்டால் படம் என்றால் ரோம் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் அது ஓட செயலி, விக்-2, பிஎல்ஏ மூன்றும் நலமாக இருக்க வேண்டும். சோதனை ஒரு தடவை தேறியதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மணி நேரம் சுற்றவிட வேண்டும். காட்ரிட்ஜ் இல்லாதவர்களுக்குத் திரையிலேயே ஒரு துப்பு உண்டு. எழும்போது கெர்னல் 1024ஆம் முகவரியிலிருந்து ரேமைச் சோதித்துக்கொண்டே போகும். இடையில் தடுக்கினால் 38911க்குப் பதில் சிறிய எண் வரும். நல்லபடி எழுந்த நாட்களிலும் அந்த எண்ணைப் படியுங்கள்.

காசே செலவில்லாத இன்னொரு சோதனையும் உண்டு. கறுப்புத் திரையாக நிற்கும்போது, பின்புறம் உள்ள யூசர் போர்ட் என்ற இணைப்பின் 3ஆம் முனையை 1ஆம் முனையோடு ஒரு கணம் இணைத்தால் ரீசெட் ஆகும். இடையில் இருக்கும் 2ஆம் முனை 5 வோல்ட், அதனால் கம்பியால் குத்தாமல் ஒரு பொத்தானை முறையாகப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்ததும் எழுந்தால் சிப்புகள் பெரும்பாலும் நலம். மின்சாரம் மெதுவாக ஏறுவதோ, ரீசெட் துடிப்பைத் தரும் 556 டைமர் சுற்றோதான் சந்தேகத்துக்குரியது.

கண்டென்சர் மாற்றுவதை இந்த இயந்திரத்தில் கடைசியில் வைப்பேன். கமடோரின் பிந்தைய கணினிகளான அமிகா 600, 1200 என்றால் கசியும் கண்டென்சர்களை உடனே மாற்றச் சொல்வேன். கமடோர் 64இல் அவை அப்படிக் கெடுவது அரிது; பற்றுக்கோலை இருபது இடத்தில் வைத்துப் புதிய பழுதுகளை உண்டாக்கும் ஆபத்துதான் அதிகம்.

ஓடி ஓடிச் சூடான பிறகுதான் மக்கர் செய்கிறது என்றால் குளிர் ஸ்பிரே உதவும். ஒரு சிப்புக்கு ஒரு சிறு பீச்சல், பிறகு காத்திருப்பு. பெரும்பாலும் கை பிஎல்ஏவை நோக்கித்தான் போகும். அதுதான் என்று உறுதியானால், ஈப்ரோம் என்ற நினைவகச் சிப்பில் செய்த மலிவான மாற்றை வாங்காமல், சிபிஎல்டி என்ற நிரல்படுத்தக்கூடிய தர்க்கச் சிப்பில் செய்ததை வாங்குங்கள். ஈப்ரோம் வகையின் நேரக்கணக்கு பழைய சிப்போடு பொருந்தாமல், சில காட்ரிட்ஜுகளோடு விட்டு விட்டுத் தகராறு செய்யும். இத்தனை நாள் தேடிய அதே மாதிரிப் பழுதை நாமே காசு கொடுத்து வாங்கி உள்ளே வைத்ததாகிவிடும்.