640 டாலர் போச்சு. ஆன்லைன்ல ரைஃபிள் ஸ்கோப் (குறி பாக்க துப்பாக்கி மேல மாட்டற தொலைநோக்கி) வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு இத படிச்சிட்டு போங்க

கோபத்துல எழுதறேன், முன்னபின்ன இருந்தா மன்னிச்சிடுங்க. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மெயில் வந்துச்சு, அதோட என் 640 டாலர் திரும்ப வராதுன்னு உறுதியாயிருச்சு. தூக்கம் வரல. காலைல எந்திரிச்சு காபி கூட குடிக்காம டைப் பண்ணிட்டு இருக்கேன்.

நான் டெக்சஸ்ல, ஆஸ்டினுக்கு வடக்க இருக்கேன். நம்மாளுங்க இங்க இப்ப நெறைய பேரு மான், பன்னின்னு வேட்டைக்கு எறங்கிருக்கீங்க, எல்லாரும் என்ன மாதிரியே கம்மி விலை ரைஃபிள் ஒண்ண வாங்கி வீட்டுலயே செட் பண்ணிக்கலாம்னு தான் ஆரம்பிக்கறீங்க. அதனால எத எப்படி மாட்டறது, எதுல காசு போடலாம், எதுல போடக்கூடாதுன்னு கடைசில விவரமா எழுதறேன். மொதல்ல நடந்தத சொல்லி முடிச்சிடறேன்.

நமக்கும் வேட்டைக்கும் ஊர்ல என்ன சம்பந்தம், கோபி பக்கம் கரும்புக்காட்டுக்குள்ள காட்டுப்பன்னி எறங்குனா தாத்தா ராத்திரி பூரா தகர டின்ன தட்டிட்டு உக்காந்திருப்பாரு, அவ்வளவு தான். 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் அங்க அந்த பேச்சே இல்ல. இங்க தலைகீழ். தனியார் நெலத்துல ஓனர் சம்மதிச்சா காட்டுப்பன்னி சுட லைசென்ஸ் கூட வேண்டாம். மானுக்கு லைசென்ஸ் வேணும், 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்கன்னா வேட்டைக் கல்வி கோர்ஸும் முடிச்சிருக்கணும். என் கூட வேலை செய்யறவரு ஒருத்தரு லானோ கவுன்ட்டில வேட்டைக்கு நெலம் லீஸ் எடுத்து வெச்சிருக்காரு, இந்த தடவ நீயும் வான்னு கூப்ட்டாரு. நவம்பர் மொத சனிக்கிழமை சீசன் ஆரம்பம். அத மனசுல வெச்சு கோர்ஸ் முடிச்சு, ஆகஸ்ட்ல 4473 ஃபார்ம் (துப்பாக்கி வாங்கறவங்க கடைல ரொப்பற ஃபெடரல் ஃபார்ம்) ரொப்பி ரைஃபிள் வாங்கினேன். (எச்1பி, எஃப்1 விசால இருக்கறவங்க ஒரு நிமிஷம். உங்களுக்கு துப்பாக்கி வாங்கறதும் சரி, கைல வெச்சிருக்கறதும் சரி, பொதுவா ஃபெடரல் சட்டப்படி குத்தம். செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு. சட்டம் சரியா தெரியாம நண்பன் சொன்னான்னு எறங்கிடாதீங்க. நான் கிரீன் கார்டு.)

ரைஃபிள் 6.5 கிரீட்மோர் (குண்டோட வகை), கையால பூட்ட இழுத்து குண்டு ஏத்தற போல்ட் ஆக்‌ஷன், 429 டாலர். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் எல்லாம் வர்ற வகைல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. இந்த விலைக்கு இந்த துப்பாக்கிங்க சுடற துல்லியம் ஆச்சரியம் தான், பேரல் (குழல்) நல்லா இருக்கும், காச மிச்சம் புடிக்கறது பிளாஸ்டிக் ஸ்டாக்ல (துப்பாக்கிய தாங்கற, தோள்ல வெக்கற கட்டை) தான். சரி, ஸ்கோப் வேணுமே.

இங்க தான் மாட்டினேன்.

வேட்டை சாமான், ஸ்கோப், பைனாகுலர் மட்டும் விக்கற ஒரு ஆன்லைன் கடை. பேர் சொல்ல மாட்டேன். பாக்க நல்லா இருந்துச்சு, ஃபோன் நம்பர் இருந்துச்சு, சாட்ல ஆளு உடனே வந்தான். நான் கேட்டது ரெண்டு: பேர்போன பிராண்ட்ல ஒரு ஸ்கோப், அப்புறம் 250 டாலர்க்கு போட்டிருந்த ஒரு ஸ்டாக். அவன் என்ன சொன்னான் தெரியுமா, "ஸ்டாக் உனக்கு வேண்டாம், இப்ப இருக்கறதே போதும், அந்த காச குண்டுக்கு செலவு பண்ணு"ன்னான். ஸ்கோப்லயும் நான் காட்டுனது 1,100 டாலர், அதுவும் வேண்டாம், அதே மாடல் பாக்ஸ் மட்டும் பிரிச்சது ஒண்ணு 680க்கு இருக்கு, ஒண்ணே ஒண்ணு தான் பாக்கின்னான். அவனும் அதே ரைஃபிள் தான் வெச்சிருக்கானாம், அவங்கப்பா கூட சின்ன வயசுல போன கதையெல்லாம் சொன்னான். வேண்டாம் வேண்டாம்னு சொல்ற கடைக்காரன நம்பாம நாம வேற யார நம்பறது? நானும் ஊர்ல ஜவுளிக்கடை வெச்சிருந்தவர் மவன் தான், எங்கப்பா பழைய கஸ்டமர்ட்ட இதே மாதிரி தான் பேசுவாரு, ஆனா அவரு நெஜமாலுமே பேசுவாரு.

கார்டுல கட்டினா 680, சொந்தக்காரங்களுக்கு பணம் அனுப்பற ஆப்ல அனுப்புனா கமிஷன் மிச்சம், 640க்கே தரேன்னான். அனுப்பிட்டேன். 40 டாலர் மிச்சம்னு வீட்டுக்காரம்மாட்ட பெருமையா வேற சொன்னேன். அவங்க அப்பவே கேட்டாங்க, "ஏனுங்க, கடைக்காரனுக்கு எதுக்குங்க நண்பனுக்கு அனுப்பற மாதிரி அனுப்பறீங்க"ன்னு. கேட்டனா.

செப்டம்பர் 20 வாக்குல ஸ்கோப் வந்துச்சு. கராஜ்ல வெச்சு பொறுமையா மாட்டினேன். போல்ட்ட கழட்டி, சேம்பர் (குண்டு ஒக்கார்ற எடம்) காலின்னு ரெண்டு தடவ பாத்துட்டு, ரசமட்டம் வெச்சு ரைஃபிள நேரா நிறுத்தி, சுவத்துல கொத்தனாரு தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூல்ல நட்டு கட்டி தொங்க விட்டு, அந்த நூலோட ஸ்கோப்புக்குள்ள தெரியற நெட்டுக் கோடு ஒத்து வர்ற வரைக்கும் திருப்பி, அப்புறம் தான் ஸ்கோப்ப புடிச்சு நிறுத்தற ரிங்கோட ஸ்க்ரூவ முறுக்கினேன், அதுவும் டார்க் (முறுக்கற அளவு) காட்டற ஸ்க்ரூடிரைவர் வாங்கி மேல் ரிங்குக்கு 18 இன்ச் பவுண்ட், அதுக்கு மேல ஒரு துளி போகல. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூணரை இன்ச் இடைவெளி இருக்கான்னு ஸ்கேல் வெச்சு பாத்தேன், இல்லன்னா ஒதைக்கறப்ப புருவம் கிழியும். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, தப்பு என் கைல இல்லன்னு தெரியணும்.

ரேஞ்சுக்கு போய் 25 கெஜத்துல ஆரம்பிச்சு 100 கெஜத்துக்கு போனா குண்டு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு செதறுது. சேத்து சுட்ட ஒரு குரூப் குண்டு மேல, இன்னொரு குரூப் எடது பக்கம். அன்னைக்கே சாட்ல சொன்னேன். இப்ப அவன் செஞ்ச வேலைய கவனிங்க, இதுக்கு தான் இந்த பதிவே.

அவன் ஒரு தடவ கூட கோபப்படல, ஒரு தடவ கூட முடியாதுன்னு சொல்லல. ரிங் ஸ்க்ரூ டார்க் செக் பண்ணியா, அடுத்த வாரம் திரும்ப பாத்து சொல்லுன்னான். செக் பண்ணேன், சரியா தான் இருந்துச்சு, ஒரு வாரம் போச்சு. அடுத்து, ஸ்டாக் பேரல தொடுது, டாலர் நோட்ட பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு இழுத்து பாருன்னான். இழுத்து பாத்தா நெஜமாவே ஒரு பக்கம் சிக்குது! அய்யோ ஆளு கில்லாடின்னு நெனச்சேன். உப்புத்தாள ஒரு குழாய்ல சுத்தி ரெண்டு சாயங்காலம் கராஜ்ல ஒக்காந்து தேச்சேன், காரெல்லாம் கருப்பு தூசு, வீட்டுல திட்டு. நோட்டு வழுக்கிட்டு போக ஆரம்பிச்சுது. குண்டு மட்டும் அதே மாதிரி தான் செதறுச்சு. இன்னொரு வாரம் போச்சு.

அடுத்து ஆக்‌ஷன் ஸ்க்ரூ (ரைஃபிள ஸ்டாக்கோட சேக்கறது). அடுத்து குண்டு பிராண்ட மாத்து, சில பேரலுக்கு சில குண்டு ஒத்துக்காதுன்னான். அதுவும் உண்மை தான், ஒத்துக்காது தான். மூணு கம்பெனி குண்டு வாங்கினேன், 20 குண்டு பாக்ஸ் முப்பது டாலருக்கு மேல. கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க, "நீ புதுசு, ட்ரிகர் இழுக்கும்போது பயத்துல கண்ண மூடற, எல்லாரும் செய்யறது தான், தப்பா எடுத்துக்காத"ன்னு. அது குத்துச்சு. டம்மி ரவுண்டு (வெடிக்காத போலி குண்டு) வாங்கி ஒரு வாரம் டெய்லி ராத்திரி சும்மா ட்ரிகர் இழுத்து பழகுனேன். பையன் வந்து பாத்துட்டு "அப்பா என்ன பண்றீங்க"ன்னு கேட்டான், என்னத்த சொல்றது.

அவன் சொன்னது ஒண்ணு கூட பொய் இல்ல. துப்பாக்கி ரிப்பேர் பண்ற எந்த கன்ஸ்மித்கிட்ட கேட்டாலும் இதையே தான், இதே வரிசைல தான் சொல்லுவாங்க. ஆனா அவன் சொன்னது ரைஃபிள் சரியாகறதுக்கு இல்ல, நாள் ஓடறதுக்கு. ரிட்டர்ன் 30 நாள். நான் என் கைய சந்தேகப்பட்டேன், என் கண்ண சந்தேகப்பட்டேன், 429 டாலர் ரைஃபிள சந்தேகப்பட்டேன், 640 டாலர் ஸ்கோப்ப மட்டும் சந்தேகப்படவே இல்ல.

33ஆம் நாள் ரேஞ்சுல பக்கத்து பெஞ்ச் பெரியவரு ஒருத்தரு என் பேப்பர ரொம்ப நேரம் பாத்துட்டு எந்திரிச்சு வந்தாரு. ஒரு நீளமான பேப்பர் ஒட்டச் சொன்னாரு, அடில சுடு, இப்ப ஸ்கோப் மேல இருக்கற திருகுல 40 க்ளிக் மேல ஏத்து, அதே எடத்த குறி வெச்சு சுடுன்னாரு. ஒரு க்ளிக் கால் எம்ஓஏ (கோண அளவு, 100 கெஜத்துல ஒரு எம்ஓஏன்னா ஒரு இன்ச் கிட்ட), 40 க்ளிக்னா 10 எம்ஓஏ, 100 கெஜத்துல பத்தரை இன்ச் கிட்ட மேல ஏறணும். ஆறு இன்ச் தான் ஏறுச்சு. 40 க்ளிக் கீழ எறக்கி சுட்டா பழைய எடத்துக்கு வரல, ரெண்டு இன்ச் தள்ளி போய் ஒக்காந்துச்சு. அப்புறம் அவரு ரைஃபிள மணல் மூட்டைல அசையாம வெச்சு, ஸ்கோப்புக்குள்ள பாத்துக்கிட்டே ஜூம் வளையத்த மட்டும் திருப்புனாரு. என்னையும் பாக்க சொன்னாரு. குறுக்குக் கோடு டார்கெட்ட விட்டு மெல்ல நகந்து போகுது! ரைஃபிள் அசையல, கோடு நடக்குது. "எவ்வளவு குடுத்த"ன்னு கேட்டாரு. சொன்னேன். ஒண்ணும் பேசல, தோள்ல தட்டிட்டு அவர் பெஞ்சுக்கு போய்ட்டாரு.

லானோ நண்பர்ட்ட ஒரு பழைய 3-9 ஸ்கோப் (3லருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக்கி காட்டறது) இருந்துச்சு, எப்பயோ 150 டாலருக்கு வாங்குனதாம். அத மாட்டி மூணு குண்டு போட்டேன், ஒண்ணேகால் இன்ச்சுக்குள்ள. அதே ரைஃபிள், அதே குண்டு, பயத்துல கண்ண மூடற அதே ஆளு.

திங்கக்கெழம ஸ்கோப் பிராண்ட் கம்பெனிக்கு ஃபோன் போட்டு சீரியல் நம்பர் சொன்னேன். இந்த நம்பர் எங்களோடது இல்லங்கன்னாங்க. டூப்ளிகேட். பாக்ஸ், பேப்பர், ஸ்டிக்கர் எல்லாமே டூப்ளிகேட்.

இனிமே தான் கடைக்காரனோட வேற முகம். முப்பது நாள் தாண்டிருச்சுன்னான். இத்தன நாளு உன் கூட தானடா பேசிட்டிருந்தேன்னு சாட்ட காட்டுனா, அது டெக்னிக்கல் சப்போர்ட், ரிட்டர்ன் வேற டிபார்ட்மென்ட்டாம். அந்த டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போட்டா டிக்கெட் நம்பர் வந்துச்சு, ஆறு நாள் சத்தமே இல்ல. அப்புறம் ஃபோட்டோ கேட்டாங்க, அனுப்புனேன். ட்யூப்ல ரிங் தடம் இருக்கு, நீ ஓவரா முறுக்கி உள்ள ஒடச்சிட்டன்னாங்க. 18 இன்ச் பவுண்ட், டிரைவர் ஃபோட்டோவே அனுப்புனேன். ஃபோன் நம்பர் இருந்துச்சே, அதுல அடிச்சா வாய்ஸ்மெயில் நெறஞ்சிருச்சுங்குது. டூப்ளிகேட்னு கம்பெனியே சொல்லுதுங்கன்னு எழுதுனதுக்கு "எங்க சப்ளையர் மேல எங்களுக்கு முழு நம்பிக்கை"ன்னு ஒரு வரி. நேத்து ராத்திரி வந்த கடைசி மெயில்: டிக்கெட் மூடப்பட்டது, நல்லெண்ணமா அடுத்த ஆர்டர்ல 10 சதவீதம் கூப்பன். 640 டாலர் முழுங்கிட்டு கூப்பன் குடுக்கறான்யா!

பேங்க்ல கேட்டேன். யாராவது என் அக்கவுண்ட்ல புகுந்து எடுத்திருந்தா வேற, நீங்களே விரும்பி அனுப்புன பணம், எங்களால முடியாதுன்னாங்க. கிரெடிட் கார்டுல கட்டிருந்தா டிஸ்ப்யூட் போட்டிருக்கலாம், 40 டாலருக்கு ஆசப்பட்டு 640 போச்சு. எஃப்டிசி (நுகர்வோர் புகார பாக்கற அமெரிக்க அரசு அமைப்பு) சைட்லயும், எஃப்பிஐயோட இணையக் குற்றப் புகார் பக்கத்துலயும் புகார் போட்டிருக்கேன். பணம் வரும்னு நம்பிக்கை எல்லாம் இல்ல, பதிவாவது இருக்கட்டும்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன்ல, இப்ப அதுக்கு தெம்பு இல்ல, ஆபீஸ் வேற போகணும். அவசரமா அஞ்சு விஷயம். நண்பனுக்கு அனுப்பற மாதிரி எந்தக் கடைக்கும் பணம் அனுப்பாதீங்க, கார்டு மட்டும் தான். பாக்ஸ் பிரிச்ச அன்னைக்கே சீரியல் நம்பர கம்பெனிக்கு ஃபோன் போட்டு கேளுங்க, மாட்டறதுக்கு முன்னாடி. மாட்டுன மொத நாளே 40 க்ளிக் ஏத்தி எறக்கி பாருங்க, ஜூம திருப்பி கோடு நகருதான்னு பாருங்க, மொத்தம் பத்து குண்டு கூட ஆகாது. குண்டு செதறுனா ஸ்டாக்க தேய்க்கறதுக்கு முன்னாடி யார்ட்டயாவது நல்ல ஸ்கோப் ஒண்ண கடன் வாங்கி மாட்டி பாருங்க. ரிட்டர்ன் தேதிய காலண்டர்ல எழுதி வெச்சுக்கோங்க, சாட்ல எவ்வளவு இனிமையா பேசுனாலும் அந்த தேதிக்கு முன்னாடி திருப்பி அனுப்பிடுங்க. ஸ்டாக் பெட்டிங் (ரைஃபிள ஸ்டாக்ல ஆடாம பொருத்தறது), ட்ரிகர் பத்தி எல்லாம் இன்னொரு நாள் பாப்போம்.

சீசன் ஓடிட்டு இருக்கு, நான் அந்த கடன் வாங்குன 150 டாலர் ஸ்கோப்போட தான் போய்ட்டு இருக்கேன். இத எழுதறதுக்கு முன்னாடி அந்த சைட்ட ஒரு தடவ தொறந்து பாத்தேன். அதே ஸ்கோப், அதே ஃபோட்டோ, இப்ப 610 டாலர். கீழ செவப்பு எழுத்துல போட்டிருக்கான், ஒண்ணே ஒண்ணு தான் பாக்கின்னு.